புகலிடம் தேடும் பால்புதுமையர்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கு. காலாப்பட்டிலோ புதுச்சேரி நகரிலோ படிக்கவும் வேலை பார்க்கவும் வந்து, சொந்த நாட்டுக்குத் திரும்பினால் ஆபத்து என்ற நிலையில் இருக்கும் வெளிநாட்டினருக்கு. இங்கிருந்து பிரான்சுக்கோ பிரிட்டனுக்கோ போய் அங்கே ‘கேஸ்’ (புகலிட விண்ணப்பம்) போட்டிருப்பவர்களுக்கு. இவர்களுக்காக அலையும் நண்பர்கள், முகாம் ஆசிரியர்கள், இளம் வழக்கறிஞர்களுக்கும் உதவும். தன்பால் ஈர்ப்புள்ளவர், இருபால் ஈர்ப்புள்ளவர், திருநங்கை, திருநம்பி, இடைப்பாலினர் (ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறந்தவர்) எல்லாரையும் சேர்த்துப் ‘பால்புதுமையர்’ என்று இங்கே சொல்கிறோம். ஒருவர் தன்னை வேறு சொல்லால் அழைத்துக்கொண்டால் அந்தச் சொல்லே சரி.

தன்பால் ஈர்ப்போ பாலின அடையாளமோ அகதி ஆவதற்குக் காரணமாகுமா?

ஆகும். 1951 அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல். பால்புதுமையரின் கோரிக்கை பெரும்பாலும் கடைசிக் காரணத்தில் அடங்கும். ஐ.நா. அகதிகள் ஆணையம் 2012-இல் வெளியிட்ட 9-ஆம் வழிகாட்டுதல் முழுக்க இதைப் பற்றியது. துன்புறுத்துவது அரசாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அப்பா, அண்ணன், ஊர்க்காரர்கள் அடித்து, அரசு காப்பாற்ற முடியாமலோ மனமில்லாமலோ போனாலும் போதும். பெண்களை விரும்பும் பெண்களின் வழக்குகளில் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் எல்லாம் நடக்கிறது: பூட்டி வைப்பது, கட்டாயக் கல்யாணம், ‘சரிசெய்ய’ மருத்துவரிடமோ மந்திரவாதியிடமோ இழுத்துப் போவது. போலீஸ் வழக்கு இல்லை என்பதற்காக இவை சிறியவை ஆகிவிடா.

“யாருக்கும் தெரியாமல் அடக்கி வாசித்தால் ஆபத்து இல்லையே” என்று சொல்லி முன்பெல்லாம் பல நாடுகளில் கோரிக்கைகளை மறுத்தார்கள். இரான், கேமரூன் நாட்டவர் இருவரின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2010 ஜூலையில் அந்த வாதத்தைத் தள்ளியது. பயத்தால்தான் ஒருவர் மறைந்து வாழ்கிறார் என்றால், அந்தப் பயமே அவருடைய வழக்கு. ஐரோப்பிய நீதிமன்றமும் 2013-இல் இதே முடிவுக்கு வந்தது.

இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லையே. இங்கே என்ன பாதுகாப்பு?

இந்தியா 1951 உடன்படிக்கையிலும் இல்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. கையில் இருப்பது அரசியலமைப்பு. அதன் 14 (சமத்துவம்), 21-ஆம் (உயிர், தனிமனித சுதந்திரம்) பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் உள்ள எல்லா நபர்களுக்கும் பொருந்தும். அயல்நாட்டவரின் உயிரையும் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1996-இல், அருணாசலப் பிரதேசத்தின் சக்மா மக்கள் வழக்கில் சொன்னது. ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைச் சில உயர் நீதிமன்றங்கள் 21-ஆம் பிரிவுக்குள் வைத்துப் படித்திருக்கின்றன. ஆனால் 2021-இல் ரோஹிங்யா மக்கள் தொடர்பான மனுவில் உச்ச நீதிமன்றம் நாடுகடத்தலைத் தடுக்க மறுத்தது. ஆகவே அந்த வாதம் எல்லா வழக்கிலும் எடுபடும் என்று வாக்குக் கொடுக்கும் வழக்கறிஞரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் அயல்நாட்டவர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. விசாக் காலம் தாண்டித் தங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். அன்றே வந்த விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்ற காரணத்துக்காக அந்தத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. ‘பதிவு செய்துகொண்ட’ என்ற நிபந்தனை முக்கியம். வீட்டாரோடு சண்டையிட்டு முகாமை விட்டு ஓடுகிறவர் முதலில் இழப்பது அந்தப் பதிவைத்தான். கீழே அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம்.

இலங்கைத் தமிழர் ‘யு.என். அட்டை’ வாங்க முடியுமா?

ஐ.நா. அகதிகள் ஆணையம் தான் பதிவு செய்தவருக்குத் தரும் அட்டையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வழக்கமாக முடியாது. இலங்கைத் தமிழரை இந்திய அரசும் தமிழக அரசும் நேரடியாகப் பதிவு செய்கின்றன. மற்ற பல நாட்டவரைத்தான் ஐ.நா. ஆணையத்தின் டெல்லி அலுவலகம் பதிவு செய்கிறது. சென்னை அலுவலகத்தின் வேலை பெரும்பாலும் இலங்கைக்குத் தாமாக விரும்பித் திரும்புவோர் தொடர்பானது.

முகாமில் பிறந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் குடியுரிமைச் சட்டம் 3-ஆம் பிரிவின்படி பிறப்பால் இந்தியக் குடிமகன். சென்னை உயர் நீதிமன்றமும் இதன் அடிப்படையில் பாஸ்போர்ட் தரச் சொல்லியிருக்கிறது. உங்கள் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

இலங்கையில் இப்போது சட்டம் எப்படி இருக்கிறது?

தண்டனைச் சட்டக் கோவையில் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. 1995-இல் செய்த திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. தனிமையில் நடந்தாலும் குற்றம், 2 ஆண்டு வரை சிறை. திருநங்கைகள் மீது 399-ஆம் பிரிவையும் (ஆள்மாறாட்டம்), 1841-ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டத்தையும் போலீஸ் பயன்படுத்திவருகிறது. பெண்களைக் குற்றவாளியாக்கும் பிரிவு உரிமை மீறல் என்று ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு 2022-இல், இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசன்னா ஃபிளேமர்-கல்தேரா தொடுத்த முறையீட்டில் முடிவு சொன்னது. பிரிவுகளை நீக்கும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றம் சொல்லியும், அந்த மசோதா சட்டமாகவில்லை.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்து வைத்திருங்கள், நேர்காணலில் கேட்பார்கள். 2016-இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வழியாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வந்தது. மனநல நிபுணர் கையெழுத்திட்ட அந்தச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். “இலங்கையில் எதுவுமே கிடையாது” என்று ஒரே அடியாகச் சொல்பவரின் மீதிப் பேச்சையும் அதிகாரி நம்பமாட்டார்.

இந்தியாவில் 377-ஆம் பிரிவு போய்விட்டதே, முகாமில் இருப்பவருக்கு இனி என்ன பயம்?

தன்பால் உறவின் மீது 377-ஆம் பிரிவு குத்திய குற்றம் என்ற முத்திரையை உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு நீக்கியது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 377-க்கு இணையான பிரிவே இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பு தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை அங்கீகரித்தது. ஒருபால் திருமணத்துக்கு மட்டும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை.

ஆனால் முகாமில் ஒருவரை வாட்டுவது நீதிமன்றமல்ல. பத்தடிக்குப் பத்தடி அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, ‘செக்கிங்’ (அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்கும்) நாளில் எல்லாரும் வரிசையில். பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் தாண்டிக் கேட்கும். ஒருவரைப் பற்றிய செய்தி காலையில் ஓர் இடத்தில் கிளம்பினால் மாலைக்குள் மற்ற முகாம்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிடும், மறுநாள் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கும் போய்விடும். பயம் அங்கேதான். இந்தப் பக்கத்தில் நாம் சொல்லும் பெரும்பாலான ஆலோசனைகள், யாருக்கு எது தெரியவேண்டும் என்பதைச் சம்பந்தப்பட்டவர் தன் கையில் வைத்துக்கொள்வது பற்றியவைதான்.

வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது, அடிக்கிறார்கள். முகாமை விட்டு வெளியேறலாமா?

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் வெளியேறுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். 112-க்கு அழைக்கலாம். பெண்கள் 181. தன்பால் ஈர்ப்புள்ள பெண்ணை அண்ணனும் அப்பாவும் அடித்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வரும், திருநங்கையும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். கணவன் அடித்தால் மட்டும்தான் அந்தச் சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். இரத்த உறவால் ஒரே வீட்டில் வாழ்பவர்களும் அதில் அடக்கம். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம் கேளுங்கள்.

அவசரம் சற்றுக் குறைவு, திட்டமிட நாலைந்து நாள் இருக்கிறது என்றால் இவற்றைச் செய்யுங்கள். முகாம் அடையாள அட்டை, பதிவுத் தாள், ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்து, வீட்டார் யாரும் திறக்க முடியாத மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அசல்களில் எது உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதற்கும் பொதுவான தாளை எடுத்துக்கொண்டு போனால், திருட்டுப் புகாராக அது திரும்பி வரும்.

வெளியேறிய பிறகு, அடுத்த செக்கிங்குக்கு முன்பே, வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். “குடும்பத் தகராறால் உயிருக்கு ஆபத்து, வேறு முகாமுக்கு மாற்றித் தரவேண்டும், என் பெயரைத் தனிக் குடும்பமாகப் பதியவேண்டும்” என்று எழுதினால் போதும். உங்கள் பால் ஈர்ப்பைப் பற்றி அந்த மனுவில் ஒரு வரிகூடத் தேவையில்லை. மனு பல மேசைகளைத் தாண்டிப் போகும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நேரில் போக முடியாதென்றால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். ஒரு நகல் சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கு.

இவ்வளவு எதற்கு? தகவல் இல்லாமல் செக்கிங்கில் ஆளைக் காணோம் என்றால் முதலில் உதவித்தொகை நிற்கும், பிறகு பெயரே பதிவேட்டில் அடிபடும். 2021-இல் உயர்த்திய தொகைப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவருக்கு 1,000 ரூபாய். தனியாகப் பதிந்தால் நீங்களே உங்கள் குடும்பத்துக்குத் தலைவர். பணம் சின்னதுதான், ஆனால் பதிவு போனால் மேலே சொன்ன விலக்கு ஆணையின் நிழலும் போய்விடும். க்யூ பிராஞ்ச் (முகாம்களைக் கண்காணிக்கும் தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவு) விசாரித்தால் மனுவின் நகலையும் ஒப்புகையையும் காட்டுங்கள்.

‘காணவில்லை’ என்று வீட்டார் புகார் கொடுத்து, போலீஸ் தேடி வந்தால்?

18 வயது நிறைந்தவர் என்றால், “என் விருப்பப்படிதான் வந்தேன்” என்ற வாக்குமூலத்தைக் கொடுத்துப் புகாரை முடிக்கச் சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று, சுஷ்மா வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழியாக இதைத்தான் சொன்னது: சேர்ந்து வாழும் இருவரும் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வாக்குமூலம் வாங்கி, தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, வீட்டார் அடைத்து வைத்த பெண்ணை விடுவித்து, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று ஏற்றது. ஆட்கொணர்வு மனு போடும் வழக்கறிஞருக்கு இந்த இரண்டும் போதுமான பிடி.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் எல்லை. கீழ்ப்புத்துப்பட்டு முகாம் விழுப்புரம் மாவட்டம். சற்றுத் தள்ளிக் காலாப்பட்டு, அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. கடலூரிலிருந்து வடக்கே வந்தாலும் பாலம் தாண்டியதும் இதே கதை. சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் செல்லும். ஆனால் பால்புதுமையரைத் துன்புறுத்தக்கூடாது என்று 2022-இல் சேர்த்த 24-சி விதி தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் உள்ளது. புதுச்சேரிக் காவலரிடம் அதைக் காட்டிப் பயனில்லை, தீர்ப்பைக் காட்டுங்கள். “அடி வாங்கியது தமிழ்நாட்டில், அங்கே போ” என்று நிலையத்தில் திருப்பி அனுப்பினால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் வேலை.

இலவச வழக்கறிஞருக்கு 15100. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவு குடியுரிமையைக் கேட்பதில்லை. பெண்களும் காவலில் உள்ளவர்களும் வருமானம் பார்க்காமலே உதவி பெறலாம். கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, புதுச்சேரியில் ஒன்றியப் பகுதிக்கென்று தனி ஆணையம். காவலரே அடித்திருந்தால் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கோ, தமிழ்நாட்டில் மாநில ஆணையத்துக்கோ புகார் அனுப்பலாம். சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் அனுப்பவேண்டும்.

முகாம் பதிவேட்டில் என் பழைய பெயரும் பழைய பாலினமும் இருக்கிறது. மாற்றலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளையும் அடிப்படையாகக் கொண்டது, அவை எல்லா நபர்களுக்கும் உரியவை என்று மனுவில் எழுதுங்கள். அவசரப்பட்டு ஓர் ஆவணத்தை மட்டும் மாற்றிவிட்டு நிற்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் கோளாறு. ஆதாரில் ஒரு பெயர், முகாம் அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்றால் உதவித்தொகை கணக்கில் ஏறாது, வெளிநாட்டு நேர்காணலில் ‘இரண்டு ஆள்’ என்ற சந்தேகம் எழும். நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டு, பழைய பெயர், புதிய பெயர், முகாம் பதிவு எண் மூன்றையும் ஒரே தாளில் இணைத்துவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

காலாப்பட்டில் படிக்கும் வெளிநாட்டு மாணவர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

வரும்போது அகதியாக இல்லாதவர், வந்த பிறகு அகதியாகலாம். உகாண்டா 2023-இல் கொண்டுவந்த சட்டம் ஆயுள் தண்டனையும் சில சமயம் மரண தண்டனையும் விதிக்கிறது. இரானில் மரண தண்டனை முன்பே இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டவர் விசா முடியும்வரை காத்திருக்காமல் ஐ.நா. ஆணையத்தின் டெல்லி அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவேண்டும். பதிவு, பிறகு அகதி நிலை நிர்ணய நேர்காணல், பிறகு முடிவு. மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. எந்தக் கட்டத்திலும் ஒரு பைசா கட்டணம் இல்லை. பணம் கேட்பவர் யாராயிருந்தாலும் மோசடிக்காரர்.

ஆணையத்தின் அட்டை விசா ஆகாது, வேலை செய்யும் அனுமதியும் ஆகாது. படிப்பு விசா இன்னும் ஓடுகிறது என்றால் அதை விட்டுவிடாதீர்கள். தன் நாட்டுத் தூதரகத்தில் போய்க் காரணத்தைச் சொல்லிப் புதுப் பாஸ்போர்ட் கேட்காதீர்கள். அங்கே சொன்னது ஊருக்குப் போய்ச் சேரும்.

நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

டெல்லி ஆனாலும் பாரிஸ் ஆனாலும் லண்டன் ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: உங்கள் வாழ்க்கையை உங்கள் சொற்களில், காலவரிசையில் சொல்வது.

ஒரு நோட்டில் வருடவாரியாக எழுதிப் பாருங்கள். தேதி நினைவில் இல்லையென்றால் இட்டுக்கட்டாமல், எல்லாருக்கும் தெரிந்த நிகழ்வை முளையாக அடித்துக்கொள்ளுங்கள். சுனாமி 2004 டிசம்பர் 26. இலங்கைப் போர் முடிந்தது 2009 மே. தானே புயல் 2011 டிசம்பர் 30. கடலூரை மூழ்கடித்த மழை 2015 நவம்பர், டிசம்பர். “தானே அடித்த அடுத்த பொங்கலுக்கு என்னைப் பூட்டி வைத்தார்கள்” என்பது ஏற்கத்தக்க பதில். பொய்யாக ஒரு தேதியைச் சொல்லி இரண்டாம் நேர்காணலில் வேறு தேதி வந்தால், அதைத்தான் மறுப்புக் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதுவார்கள்.

என்ன கேட்பார்கள்? பிரிட்டன் பாரிஸ்டர் எஸ். செல்வன் வகுத்த முறை பல நாடுகளில் பயன்படுகிறது: வேறுபாடு, களங்கம், வெட்கம், தீங்கு. மற்றவரிலிருந்து நான் வேறு என்று எப்போது பட்டது, சுற்றியிருந்தவர்கள் என்ன சொன்னார்கள், அது உள்ளுக்குள் என்ன செய்தது, என்ன நடந்தது அல்லது நடக்கும் என்று அஞ்சுகிறீர்கள். நம் ஆட்கள் நான்காவதை மட்டும் அடுக்கி, முதல் மூன்றை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அடியும் காயமும் பேசினால் போதும் என்ற எண்ணம். அதிகாரி தேடுவதோ முதல் மூன்றைத்தான். பள்ளிக்கூடத்தில் யாரைப் பார்த்து மனம் தடுமாறியது, அக்கா கல்யாணப் பேச்சில் உங்கள் பெயர் வந்தபோது என்ன சொல்லித் தப்பினீர்கள், கோயிலிலோ மாதா கோவிலிலோ என்ன வேண்டிக்கொண்டீர்கள். இப்படிப்பட்ட சிறுசிறு விவரங்களை வாங்கிக்கொண்டு யாரும் ஒப்பிக்க முடியாது.

படுக்கையறை விவரம் கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பர் 2 தீர்ப்பில் அந்தரங்கச் செயல்களைத் துருவும் கேள்வி, உடல் ‘பரிசோதனை’, அந்தரங்க வீடியோ எல்லாவற்றையும் தடுத்தது. 2018-இல் ஹங்கேரி வழக்கில் உளவியல் படச் சோதனைகளையும் விலக்கியது. நீங்களாக அப்படி ஒரு வீடியோவைக் கொடுத்தாலும் ஏற்கக்கூடாது என்பதே நிலை. ஆகவே எடுக்கவே எடுக்காதீர்கள், அது ஒருநாள் மிரட்டலுக்குத்தான் பயன்படும்.

மொழிபெயர்ப்பாளர் நம் ஊர்க்காரராக இருந்தால்?

மாற்றச் சொல்லும் உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். விண்ணப்பத்திலேயே ஆணா பெண்ணா என்ற விருப்பத்தை எழுதிவிடுவது நல்லது. “நீங்கள் எந்த ஊர்?” என்று அவர் தமிழில் பேச்சுக் கொடுத்தால் அதிகாரியிடம் சொல்லுங்கள், அது அவர் கேட்க வேண்டிய கேள்வியல்ல. இழிசொல்லால் உங்களைக் குறித்தால் அங்கேயே நிறுத்தி, பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு புகார் சொன்னால் ‘அப்போது ஏன் சொல்லவில்லை’ என்பார்கள். கையெழுத்துக்கு முன் பதிவைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, தேதி, உறவுமுறை, ஊர்ப்பெயர் மூன்றையும் கவனியுங்கள். சித்தப்பாவும் மாமாவும் பிற மொழியில் ஒரே சொல்லாகிவிடுவதால், “முதலில் சித்தப்பா என்றார், பிறகு மாமா என்கிறார்” என்ற முரண்பாடு தானாக முளைத்த வழக்குகள் உண்டு.

கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளையும் இருக்கிறது. நம்புவார்களா?

நம்பவேண்டும். ஐ.நா. வழிகாட்டுதலில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் எப்படி முடிவாயிற்று, யார் வற்புறுத்தினார்கள், மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்குங்கள். பிள்ளையை மறைப்பதுதான் ஆபத்து. குடும்பப் படிவத்தில் பெயர் விட்டுப்போனால் பின்னால் அழைத்துக்கொள்ளும் வழியும் அடைபடும், பொய் சொன்னவர் என்ற பெயரும் வரும்.

முதலில் வேறு காரணம் சொல்லிவிட்டு, பிறகு இதைச் சொன்னாலும் கதவு மூடியதாகாது. கூடவே அம்மா உட்கார்ந்திருந்தார், மொழிபெயர்ப்பாளர் ஊர்க்காரர் என்பது போன்ற காரணத்தை எழுதிக் கொடுங்கள். ஒருவர் தன்னைப் பற்றி உடனே வெளிப்படையாகப் பேசவில்லை என்பதை மட்டும் வைத்து நம்பாமல் விடக்கூடாது என்பது மேலே சொன்ன ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பிலேயே உள்ளது.

‘கே கேஸ்’ (தன்பால் ஈர்ப்பைக் காரணம் காட்டும் புகலிடக் கதை) எழுதித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். ஒரே கதை பெயரும் ஊரும் மாற்றிப் பத்துப் பேருக்குப் போகும். ஒரே அதிகாரி அதில் மூன்றைப் படித்தாலே போதும். உண்மையிலேயே பால்புதுமையராக இருப்பவர்கூட ஏஜென்ட் கதையைச் சொல்லித் தன் சொந்த வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார். அந்த ஏஜென்டிடம் உங்கள் முகவரி, வீட்டார் நம்பர், பாஸ்போர்ட் நகல் எல்லாம் இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

செயலி வழியாகப் பழகி, படம் வாங்கி, பணம் பறிப்பவர்கள் இந்தக் கடற்கரையோரத்தில் பெருகியிருக்கிறார்கள். பணம் கொடுத்தால் நிற்காது. உரையாடலை அழிக்காமல் படம் பிடித்து வைத்து 1930-க்கு அழையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பி.என்.எஸ். 308-ஆம் பிரிவின்படி குற்றம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுத் தூதரக அலுவலகம் இருக்கிறதே, அங்கே போய்த் தஞ்சம் கேட்கலாமா?

வாசலில் நின்று கேட்டுக் கிடைக்கும் பொருளல்ல அது. தஞ்சம் பொதுவாக அந்த நாட்டு மண்ணிலோ எல்லையிலோ கேட்க வேண்டியது. தஞ்சத்துக்கென்று விசா தரும் வழக்கம் பிரான்சில் உண்டு, ஆனால் அது அதிகாரியின் விருப்பம், உரிமையல்ல.

பிரான்சில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு: ஓஃப்ப்ரா (புகலிட விண்ணப்பங்களை முடிவு செய்யும் பிரெஞ்சு அரசு அலுவலகம்) மறுத்தால் வழக்கமான நடைமுறையில் தேசியப் புகலிட நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம் கெடு. இலவச வழக்கறிஞரை முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் கேட்டுவிடவேண்டும். கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஒரு கசப்பான செய்தி: பிரான்சின் ‘பாதுகாப்பான நாடுகள்’ பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. அதனால் வழக்கு விரைவு நடைமுறையில் போகும். 377 நீங்கியதையும் எடுத்துக்காட்டுவார்கள். தனக்கு நடந்ததையும் போலீஸ் காப்பாற்றாமல் விட்டதையும் ஆவணத்தோடு காட்டினால்தான் நிற்கும்.

மருத்துவ உதவி கேட்டால் அடையாளம் வெளியே போகுமா?

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சம்மதமில்லாமல் நோய் நிலையை வெளியிடுவதைத் தடுக்கிறது. அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டுச் சிகிச்சை) மையங்களில் மருந்து இலவசம். சந்தேகத்துக்கு 1097. மனநலத்துக்கு 14416, தமிழில் பேசலாம். ஈர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்று எந்த மருத்துவர் சொன்னாலும் அது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது. ஹார்மோன் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கி விழுங்குவது இரத்தக் கட்டு வரை கொண்டுபோய்விடும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள், சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வழக்குக்கும் அவை ஆதாரம்.

இடைப்பாலினக் குழந்தை முகாமில் பிறந்தால் உடனே அறுவை செய்யச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, குழந்தைகளுக்கு அத்தகைய ‘சரிசெய்யும்’ அறுவையைத் தமிழக அரசு 2019-லேயே தடைசெய்துவிட்டது.

குடும்பம் இலங்கைக்குத் திரும்புகிறது. நானும் போயாக வேண்டுமா?

இல்லை. விரும்பித் திரும்புதல் ஒவ்வொருவரின் தனி முடிவு. 18 வயது நிறைந்தவர் குடும்பத்தின் படிவத்தில் தன் பெயர் இருப்பதாலேயே கட்டுப்பட்டவர் ஆகமாட்டார். ஐ.நா. அலுவலகத்தில் தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள், காரணத்தை வீட்டாரிடம் சொல்லமாட்டார்கள். போக விரும்பினாலும், 365அ இன்னும் இருக்கிறது என்பதையும் எந்த ஊரில், யார் வீட்டில் தங்கப்போகிறீர்கள் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

நாங்கள் உதவி செய்பவர்கள். எதைச் செய்யக்கூடாது?

சம்பந்தப்பட்டவரின் அனுமதி இல்லாமல் இன்னொரு தொண்டரிடம்கூட விவரம் சொல்லாதீர்கள். புதுச்சேரியில் சகோதரன் அமைப்பு பால்புதுமையரோடும், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களிலும் நெடுங்காலமாக வேலை செய்கின்றன. ஒன்றில் சொன்னது மற்றதுக்குத் தெரியவேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வழக்குக் குறிப்பில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் வேறு இடத்தில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும். முகாமுக்குப் போய்ச் சந்திக்காதீர்கள். வெளியாள் ஒருவர் வந்து ஒரு பையனையோ பெண்ணையோ மட்டும் தனியே அழைத்துப் பேசினால் அதுவே செய்தியாகிவிடும். கடலூர் நீதிமன்ற வளாகம், மருத்துவமனை, கணினி வகுப்பு என்று வேறு வேலைக்குப் போவதாகத் தெரியும் இடத்தில் சந்தியுங்கள். அழைப்பதற்கு முன் எந்த நேரத்தில் போன் அவர் கையில் இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் பல வீடுகளில் ஒரே போன்தான், இரவில் அது அப்பாவிடம் இருக்கும்.